பையின் அடியில் முகங்கள்

அந்த அறையின் சாவியை வாங்கியபோது நான் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில், எங்கள் தமிழ்ச் சபை ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கூடும். கோவில் எங்களுடையது அல்ல. வெள்ளைக்காரர்களின் சபை காலையில் ஆராதனை முடித்து, காபி குடித்து, வீட்டுக்குப் போன பிறகு எங்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். அவர்கள் பக்கம் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்ததால் கீழ்த்தளத்தில் மூன்று சண்டே ஸ்கூல் அறைகள் சும்மா கிடந்தன. அவர்களுக்குப் புதிதாக வந்த பாஸ்டர், நரைத்த தலையை ஒட்ட வெட்டிய ஒரு பெண்மணி, அந்த அறைகளை இலையுதிர் காலம் முழுக்க மூன்று ஓவியர்களுக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார். அதற்கு ரெசிடென்சி என்று பெயர். பெயர்தான் அப்படி, அங்கே யாரும் தங்க முடியாது. மாலை ஆறு மணிக்குக் காவலாளி வந்து சாவிக்கொத்தைக் குலுக்கினால் கிளம்பிவிட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: கடைசி ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் ஹாலில் படங்களை வைக்க வேண்டும். வரைந்தவர் பக்கத்திலேயே நின்று, கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் சென்னையில் ஐந்து வருஷம் ஓவியம் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்தது டிபென்டென்ட் விசாவில். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை பார்க்கக் கூடாது என்பது சட்டம். வரையக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, இருந்தும் ஆறு வருஷமாக நான் வரைந்ததெல்லாம் என் மகளின் கலரிங் புத்தகத்தில் யானைக்குத் தும்பிக்கை மட்டும்தான். இதற்கிடையில் என் கணவரின் கம்பெனி ஜனவரியில் எங்களை டெக்சஸுக்கு, பிளானோவுக்கு, மாற்றுவதாகச் சொல்லிவிட்டது. ஆக எனக்கு இருந்தது அந்த ஓர் இலையுதிர் காலம். இதிலும் ஒன்றும் வரவில்லை என்றால் இனி என்னை ஓவியர் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதை நிறுத்திவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

விண்ணப்பப் படிவத்தின் கடைசிக் கேள்வி: உங்கள் படங்களில் உண்மையான மனிதர்கள் வருவார்கள் என்றால், அவர்களுடைய சம்மதத்தைப் பெற்றிருக்கிறீர்களா? நான் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, நல்லது, அதுதான் எனக்கு முக்கியம் என்றார். சாவியை என் கையில் வைத்தார். எனக்கு முகம் சுட்டது. ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை.

சம்மதம் எப்படிக் கேட்க முடியும்? நான் வரைய நினைத்திருந்தது எங்கள் சபையாரை. அதுவும் ஜெபத்தில் அவர்கள் கண்ணை மூடியிருக்கும்போது.

எங்கள் சபையில் விண்ணப்ப ஜெபம் என்று ஒன்று உண்டு. மூப்பர் யாராவது எழுந்து ஆரம்பித்தால் குறைந்தது கால் மணி நேரம். அமெரிக்க ஜனாதிபதி, இந்தியப் பிரதமர், பிரயாணம் பண்ணுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்கள், கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறவர்கள் என்று ஒருவர் விடாமல் வருவார்கள். அந்தக் கால் மணி நேரமும் எல்லாக் கண்களும் மூடியிருக்கும், என் கண்களைத் தவிர. கடைசி வரிசையில் துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவேன். ஜிப் வைத்த பைபிள் உறைக்குள் வெள்ளைத் தாள்களும் ஒரு பென்சில் துண்டும் இருக்கும். என் கணவர் பாடகர் குழுவில் முன்னால் நிற்பார், அவருக்கும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் நான் பிரசங்கக் குறிப்பு எடுக்கிறேன் என்று நினைத்தார்கள். ஓர் ஆன்ட்டி என் பக்தியைப் பாராட்டியே விட்டார்.

யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிற முகத்தை வரைந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதை ஒருமுறை ருசித்துவிட்டால் போஸ் கொடுக்கிற முகம் பிடிக்காது. ஒருவர் தூங்குவார். ஒருவர் உதட்டுக்குள் கணக்குப் போடுவார். புதிதாகக் கல்யாணமான பெண் ஒரு கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வாள். அவர்களில் ஓர் ஆன்ட்டி அழுவார்.

அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐம்பது வயதுக்கு மேல். பக்கத்து ஊரான எடிசனிலிருந்து தனியாகக் காரோட்டி வருவார், ஜன்னலோரமாக உட்காருவார், ஆராதனை முடிந்ததும் கீழே ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். ஜெபம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் கன்னத்தில் தண்ணீர் இறங்கும். சத்தம் இருக்காது, தோள் குலுங்காது, வாய் இறுக மூடியிருக்கும். மூப்பர் "இயேசுவின் நாமத்தினாலே" என்று முடிக்கத் தொடங்கும்போது முந்தானையால் ஒரே துடை. ஆமென் சொல்லும்போது அவர் முகம் எப்போதும்போல இருக்கும்.

அந்த முகத்துக்காக ஒன்பது வாரம் காத்திருந்து காத்திருந்து வரைந்தேன். நடுவில் ஒரு வாரம் அவர் அழவில்லை. அன்று வீட்டுக்கு வரும்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது, அன்று வெட்கமாக இல்லை.

படங்களை எதில் போடுவது என்பதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. கடைசியில் கிராசரி கடையில் தருகிற பழுப்புக் காகிதப் பைகளில் போட்டேன். பையைப் பிரித்து, உள்பக்கம் அடியில் கரியாலும் பழுப்பு மையாலும் முகத்தை வரைந்து, மெழுகு தடவி, மறுபடி பையாகவே ஒட்டிவிடுவேன். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பை. முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கிட்டே வந்து, தலையைக் குனிந்து உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். ஜெபத்தில் இருப்பவர்களைப் பார்க்கிறவரும் தலை குனியட்டும் என்பது என் யோசனை. எனக்கு அதில் ஒரே பெருமை. பன்னிரண்டு பைகள், பன்னிரண்டு முகங்கள். ஹால் மேஜையில் வரிசையாக நிற்க வைப்பதாகத் திட்டம்.

கண்காட்சிக்கு முந்தின வாரம் சனிக்கிழமை, ஹாலில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்கப் பைகளை நீள மேஜையில் நிறுத்தினேன். வாயை ஓர் அங்குலம் வெளியே மடித்து, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விட்டேன். அடியில் தடவிய மெழுகு சில பைகளில் இன்னும் இறுகவில்லை. ஆறு மணிக்குச் சாவிக்கொத்து குலுங்கியது. மறுநாள் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்பது எனக்குத் தெரியும். ஆராதனைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுப் போனேன்.

அறுப்பின் பண்டிகை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அவரவர் தோட்டத்தில் விளைந்தது, வீட்டில் சமைத்தது என்று ஆளுக்கொன்றைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனைக்குப் பிறகு அத்தனையும் ஏலத்துக்கு வரும். ஊரில் வயல் வைத்திருந்தவர்கள் நெல்லும் வாழைத்தாரும் கொண்டுவந்தார்கள். நியூ ஜெர்சியில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் நாலடி நிலத்தில் புடலங்காய் போடாத தமிழர் குறைவு. ஓர் எலுமிச்சம்பழத்துக்கு நடக்கும் போட்டியைப் பார்த்தால் வெளியாட்கள் மிரண்டுபோவார்கள்.

அன்று பார்த்து எங்கள் கார் கிளம்பவில்லை. பேட்டரி போய்விட்டது. வெளியே போயிருந்த பக்கத்து அபார்ட்மென்ட்காரர் நாலு மணிக்கு மேல் வந்து கேபிள் மாட்டிக் கிளப்பி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேலே ஆராதனையே முடிந்து, கீழே ஹாலில் ஏலம் தொடங்கியிருந்தது.

என் பைகள் மேஜையில் நின்றன. ஒவ்வொன்றும் நிறைந்திருந்தது.

"யாரோ நல்லவங்க பையெல்லாம் மடிச்சு ரெடியா வச்சிருந்தாங்கம்மா," என்றார் பெண்கள் ஐக்கியத்து ஆன்ட்டி ஒருவர், என்னைப் பார்த்ததும். "எங்களுக்கு பேக்கிங் வேலையே மிச்சம். உள்ள சண்டே ஸ்கூல் பிள்ளைங்க ஏதோ கிறுக்கி இருந்தாங்க. பரவால்லன்னு காயைப் போட்டாச்சு."

மூன்று மாசத்து வேலை. கிறுக்கல். எனக்கு வந்த கோபத்தில் அந்த இடத்திலேயே பைகளைக் கவிழ்த்திருப்பேன். 'நிறுத்துங்க, அது என் படம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி 'யார் படம்?' என்றுதான் வரும். எல்லாரும் அங்கேதான் நின்றார்கள், தங்கள் முகங்களின் மேல் கத்தரிக்காயையும் தக்காளியையும் கொட்டிவிட்டு.

நான் வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கினேன். முதல் பை எனக்கு வந்தது. இரண்டாவதும் வந்தது. ஏலம் விட்ட அங்கிள் சபையின் செக்ரட்டரி. ஜெபத்தில் தூங்குகிற அந்த முகம் அவருடையது. அவர் குஷியாகிவிட்டார். "சிஸ்டருக்கு இன்னிக்கு என்னமோ உற்சாகம்! கர்த்தர் ஆசீர்வதிப்பார்!"

என் கணவர் என் முழங்கையைப் பிடித்தார். "என்ன பண்ற நீ? ரெண்டு பை வாங்கியாச்சு, போதும்."

"எனக்கு எல்லாம் வேணும்."

"உனக்குப் புடலங்காயே பிடிக்காதே!"

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பைகள் யார் யார் கைக்கோ போயின. அங்கிளுக்கு ஒரு பழக்கம், பையில் இருப்பதை வெளியே எடுத்து எல்லாருக்கும் உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் விலை கேட்பார். அந்த ஒரு கணம் பை காலியாக நிற்கும். ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நல்லவேளை, எல்லாரும் காயைத்தான் பார்த்தார்கள். யாரும் காலிப் பைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

என் நாலு வயது மகள் பார்த்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்று, ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "அம்மா, தேர்ஸ் எ லேடி இன் த பேக்! ஷி இஸ் க்ரையிங்!"

சிலர் சிரித்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவர் அந்த நர்ஸ் ஆன்ட்டி. குழந்தை ஏதோ சொல்கிறதே என்று அவரும் தலையைக் குனிந்து பைக்குள் பார்த்தார்.

நான் மூன்று மாசமாகக் கற்பனை பண்ணிவைத்திருந்தேன், என் படத்தை முதலில் பார்க்கிறவர் எப்படிக் குனிவார், எவ்வளவு நேரம் பார்ப்பார் என்று. சரியாக அப்படித்தான் குனிந்தார். நான் நினைத்ததைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அங்கிளின் கையிலிருந்த புடலங்காயை வாங்கி, எலுமிச்சம்பழங்களையும் பொறுக்கி, தானே பைக்குள் திரும்ப வைத்தார். எந்த அறுப்பின் பண்டிகையிலும் எதையும் ஏலம் கேட்காதவர் கையைத் தூக்கினார்.

நானும் தூக்கினேன். அவர் ஏற்றினார். நான் ஏற்றினேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. சபையாருக்கு ஒரே கொண்டாட்டம். "ரெண்டு சிஸ்டர்ஸும் காணிக்கை குடுக்கறதுல போட்டி போடறாங்க, கைதட்டுங்க!" என்றார் அங்கிள். கைதட்டினார்கள். என் கணவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். விட்டிருந்தால் எங்கே போய் நின்றிருப்பேனோ.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்."

ஆன்ட்டி பையை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டார். வாசலுக்குப் போகும் வழியில் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். போகும்போது என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை, முகங்களைப் படிக்கத் தெரிந்தவள் என்று பீற்றிக்கொண்டவள் நான். அன்று அவர் காபி குடிக்கவில்லை.

காரில் வரும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சம்மதம் இல்லாமல் வரைந்தது, படிவத்தில் பொய் சொன்னது, எல்லாவற்றையும். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்ட முதல் கேள்வி: "ஜெபத்துல நீ கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டா இருந்த?"

"ஆமா."

"மூணு மாசமாவா?"

அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பிறகு, "வெளிய தெரிஞ்சா நான் எப்படி அங்க போய் நின்னு பாடறது?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊரை விட்டு வந்த எங்களுக்கு அந்தச் சபைதான் சொந்தம், பந்தம், அவசரத்துக்கு ஆள், எல்லாம்.

திங்கட்கிழமை காலை, சபையின் டெலிபோன் லிஸ்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பைகள் என்னிடம். ஆன்ட்டியிடம் ஒன்று. மீதி ஒன்பது பைகள் ஒன்பது வீடுகளில். காகிதப் பையை எங்கள் மக்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? சிங்க் அடியில் குப்பைக்கு வைப்பார்கள், அல்லது பழைய பேப்பரைப் போட்டு ரீசைக்கிளிங்குக்கு வெளியே வைப்பார்கள். ஒவ்வொரு ஊரிலும் அந்த வண்டி வருகிற கிழமை வேறு. எனக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைத்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. என் கணவரைக் காலையில் ஆபீசில் இறக்கிவிட்டு, மகளைப் பின் சீட்டில் கட்டிவைத்து, ரூட் ட்வென்டி செவன் நெடுஞ்சாலையில் மேலும் கீழுமாக மூன்று நாள் அலைந்தேன்.

வீட்டுக்கு வீடு ஒரே பொய்: "ஒரு புராஜெக்டுக்கு அந்தப் பை வேணும் ஆன்ட்டி." ஒரு வீட்டில் பை நிறைய வெங்காயத் தோல். ஒரு வீட்டில் பிள்ளையின் பழைய ஷூ. ஒன்று முந்தின நாளே வண்டியில் ஏறிப் போய்விட்டது, அது ஒரு கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்த அந்தப் பெண்ணின் முகம். செக்ரட்டரி அங்கிள் பையைத் தரும்போது உள்ளே பார்த்துவிட்டு, "யாரும்மா இது, நம்ம பழைய ட்ரெஷரர் ஜாடையா இருக்கு? நல்லா தூங்கறாரு," என்று சிரித்தார். அவர் மனைவி எட்டிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

புதன்கிழமைக்குள் எட்டு பைகள் வந்துவிட்டன. துடைத்து, ஓரங்களை ஒட்டி, மறுபடி மெழுகு தடவினேன். கறை போகாத இடங்களை விட்டுவிட்டேன். என்னிடம் இருந்த இரண்டையும் சேர்த்துப் பத்து. நர்ஸ் ஆன்ட்டி வீட்டில் மட்டும் போன் எடுக்கவில்லை. ஆன்சரிங் மெஷினில் மூன்று முறை பேசினேன். மூன்று முறையும் 'பை' என்றேனே தவிர, 'படம்' என்று சொல்லவில்லை. அவர் யாரிடமாவது சொல்லியிருப்பாரா, செக்ரட்டரியிடமா, பாஸ்டரிடமா என்று நினைத்தபடி போனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தால் கண்காட்சி அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை அவரே கூப்பிட்டார்.

"பை என்கிட்டதான் இருக்கு. வாரம் பூரா எனக்கு டபுள் ஷிஃப்ட். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வா. நீ மட்டும் வா."

ஞாயிறு பதினொன்றரைக்குக் கண்காட்சி. முடியாது என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

சனிக்கிழமை பத்து பைகளையும் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். இந்த முறை மேலே ஒரு துணியைப் போர்த்தி, பாஸ்டரிடமே சொல்லிவிட்டு வந்தேன். ஆன்ட்டியின் பைக்கு நடுவில் இடம் விட்டிருந்தேன். அந்த முகம் இல்லாவிட்டால் மீதியெல்லாம் வெறும் வேடிக்கை என்று எனக்குத் தெரியும். வரிசையே அந்த ஒன்றுக்காகத்தான் நின்றது.

எடிசனில் அவருடைய டவுன்ஹவுஸ். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். டைனிங் டேபிளின் நடுவில் பை நின்றது, காலியாக, சுத்தமாக. ஒரு துளிக் கறை இல்லை.

"உட்காரு. காபி போடட்டுமா?"

"வேணாம் ஆன்ட்டி."

அவரும் எதிரில் உட்கார்ந்தார். வேலையிலிருந்து வந்த உடுப்பையே இன்னும் மாற்றவில்லை.

"இது நான்தானே?"

"ஆமா ஆன்ட்டி. மன்னிச்சிடுங்க. நான் உங்ககிட்ட கேட்டிருக்கணும்."

"நல்லா வரைஞ்சிருக்க," என்றார். நிஜமாகவே சொன்னார். "நான் அழும்போது எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. எத்தனை வாரம் வரைஞ்ச?"

"ஒன்பது வாரம்."

"ஒன்பது வாரமும் நான் அழுததைப் பாத்த."

"ஒரு வாரம் நீங்க அழல," என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "சரி. ஜெபம் முடிஞ்சு கீழ ஹாலுக்கு வந்து காபி குடிப்போமே. அப்போ எங்கிட்ட என்ன பேசுவ, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. கறிவேப்பிலை எந்தக் கடையில் வாடாமல் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறேன். டேகேர் பற்றிக் கேட்டிருக்கிறேன். பிளானோவில் வெயில் எப்படி என்று பேசியிருக்கிறேன். கண்ணிமைக்குக் கீழே அந்த ஈரம் எப்படி மினுங்குகிறது என்பதைக் கரியில் கொண்டுவர முடியுமா என்று யோசித்துக்கொண்டே கறிவேப்பிலையைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

"மத்தவங்க கண்ணை மூடிக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்குத் தெரியாது," என்றார். "நீ தொறந்து வச்சுக்கிட்டு இருந்தியேம்மா. ஒரு நாள், ஏன் ஆன்ட்டின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் திட்டவில்லை. கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது.

"எடுத்துட்டுப் போ," என்று பையை என் பக்கம் தள்ளினார். "உனக்கு இன்னிக்குக் கண்காட்சின்னு பாஸ்டரம்மா போன மாசமே போர்டுல போட்டிருந்தாங்க. நான் தடுக்க மாட்டேன். கையெழுத்து ஏதாவது வேணுமா?"

அவரே ஆஸ்பத்திரி நோட்பேடிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இந்தப் படத்தைக் காட்ட எனக்குச் சம்மதம் என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளை மடித்துப் பைக்குள் போட்டார். எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கீழ்ப்படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டினேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பதினைந்து நிமிஷம் ஓட்டினால் போய்விடலாம். துணியை எடுத்துவிட்டு, நடுவில் விட்ட இடத்தில் இதை வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கலாம். குனிந்து பார்க்கிறவர்கள் கேட்பார்கள், இந்த அம்மா ஏன் அழுகிறார் என்று. பதில் சொல்ல வேண்டியவள் நான். ஒன்பது வாரம் பார்த்தவளுக்குப் பதில் தெரியாது. மேஜையில் சம்மதம் இல்லாத பத்து முகங்கள் நின்றுகொண்டிருந்தன. சம்மதம் கிடைத்த ஒரே முகம் என் மடியில் இருந்தது.

திரும்பி உள்ளே பார்த்தேன். ஆன்ட்டி அதே நாற்காலியில் இருந்தார்.

"ஏன் ஆன்ட்டி அழுதீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். "உனக்கு நேரமாகலையா?"

"உங்க போனை யூஸ் பண்ணிக்கலாமா?"

வாசலை ஒட்டிய சமையலறைச் சுவரில் போன் இருந்தது. ஷூவோடு ஒரு காலை உள்ளே வைத்து, எட்டி எடுத்துக் கோவில் ஆபீசுக்குப் போட்டேன். ஆராதனை முடிந்து பாஸ்டரே எடுத்தார். படிவத்தில் நான் டிக் அடித்தது பொய் என்று சொன்னேன். யாரிடமும் நான் கேட்கவில்லை, தயவு செய்து துணியை எடுக்க வேண்டாம், பைகளை மடித்து என் அறையில் வைத்துவிடுங்கள் என்றேன். அந்தப் பக்கம் ஹாலில் நாற்காலி இழுக்கும் சத்தமும் காபிக் கோப்பைகளின் சத்தமும் கேட்டன. பிறகு அவர், நீ வந்து நின்று இதை நீயே சொல்லலாமே என்றார். இப்போது வர முடியாது, நான் ஒருவர் வீட்டில் இருக்கிறேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். சாவியை மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது அவர் கை குலுக்கினார், ஆனால் சிரிக்கவில்லை.

ஜனவரியில் பிளானோ போனோம். அதற்குப் பிறகு நான் வரைந்தேனா, என் கணவர் அந்த ஜெப விஷயத்தை எப்போது மன்னித்தார் என்பதெல்லாம் வேறு கதை. எனக்கு மறக்காதது நான் போனை வைத்துவிட்டுத் திரும்பிய அந்த நிமிஷம்தான். வாசலில் நான் விட்ட பையை ஆன்ட்டி எடுத்துப் போய்த் தன் பக்கம் வைத்திருந்தார். கடிகாரம் பதினொன்று பத்து. என் கண்ணும் மூக்கும் வடிந்துகொண்டிருந்தன, துடைத்துக்கொள்ளக் கையில் ஒன்றும் இல்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் நேராகப் பார்த்தார்.

"ஷூவைக் கழட்டிட்டு வந்து உக்காரு," என்றார். "சொல்றேன்."

சொன்னார், மதியம் இரண்டு மணிவரை. அதை எழுத நான் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை.